பூச்சிதானே ஆன்ட்டி

— மடியில இருக்கற பச்சோந்தியப் பாரு வெண்பா, அதுக்குள்ள கலர் மாத்திடுச்சு! ரெப்டைல் ஷோவுல இதப் பாத்ததுமே வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன். வீட்ல இருக்கற கெக்கோ பல்லி வால ஆட்டும், தவளைகூட டபக்னு எகிறும். அந்த மலைப்பாம்பு மட்டும் சுத்த வேஸ்ட்டு. வாங்கின நாள்ல இருந்து சுருண்டு கெடக்கு. செம போர்.

— எனக்கு அதக் கண்டாதான் பயம் சபரி. மத்ததெல்லாம் என்ன பண்ணுதுன்னு தெரியுது. அது பாத்துக்கிட்டே இருக்கு.

— சும்மா கெடக்கறதப் பாத்து யாராவது பயப்படுவாங்களா? எலி வெச்சாக்கூடத் திரும்பிப் பாக்கல. சோம்பேறி. யாருக்காவது தள்ளிவிட்டுடலாம்.

— ஒரு மாசமாத் திங்கலங்கறதுதான் எனக்கு ஒதைக்குது. அதோட தொட்டி மூடியில கிளிப் ஒடஞ்சிருக்குன்னு சொன்னேனே, மாத்தினியா?

— சும்மா தொணதொணக்காத. மூடியே இல்லன்னாலும் அது எங்க போகப் போகுது?

— பூச்சி டப்பாவயாவது மூடினியா? கெளம்பறப்ப கெக்கோவுக்குப் போட்டியே.

— ஐயோ, அது டவுட்டுதான். இரு, ராமாத்தா ஆன்ட்டி கூப்பிடறாங்க. ஸ்பீக்கர்ல போடறேன்... சொல்லுங்க ஆன்ட்டி!

— ஏனுங் தம்பி, எங்க வந்துட்டு இருக்கறீங்க?

— ஃப்ரீவேல ஆன்ட்டி. ஏதோ ஆக்சிடென்ட், வண்டி நகரவே மாட்டேங்குது. இர்விங் எக்சிட் வர்றதுக்கே நேரமாகும். பாப்பா அழுவுறாளா?

— பாப்பா நல்லாத் தூங்கறாளுங்க. இங்க உங்க பூச்சி வெளிய வந்துருச்சுங் தம்பி. பொழுது எறங்கிருச்சேன்னு வெளக்குப் போட்டனுங்க, பாத்தா ஹால்ல போவுது.

— நெனச்சேன்! சாரி ஆன்ட்டி, நான்தான் டப்பாவ மூடாம வந்துட்டேன்.

— சிரிக்கறீங்களே சாமி. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கீழ எம்பட பையன் சேனாபதி இருந்தாலாவது ஓடியாரச் சொல்லியிருப்பேன். அவனும் கடைக்குப் போயிட்டானுங்க.

— நாங்க காசு குடுத்து வாங்கற பூச்சிதானே ஆன்ட்டி. ஒண்ணும் பண்ணாது.

— கடிக்காதுங்களா?

— அதுக்கு ஏது ஆன்ட்டி பல்லு?

— ஓ... பல்லப் புடுங்கித்தான் வெச்சிருக்கறீங்களா. தம்பி, தம்பி! இப்பப் பாப்பா ரூமுக்குள்ள போவுதுங்க!

— சூப்பர். அப்படியே கதவ சாத்திடுங்க. ஒரே எடத்துல இருந்தா நான் வந்து புடிச்சுக்குவேன்.

— பாப்பா உள்ள இருக்கறாளே சாமி! போயித் தூக்கியாரட்டுங்களா?

— வேணாம் ஆன்ட்டி, முழிச்சா ஊரக் கூட்டிடுவா. அவளுக்கு இதெல்லாம் தெனமும் பாத்துப் பழக்கம். கதவுக்கு அடியில ஒரு துணியும் வெச்சு அடைச்சிடுங்க.

— எனக்கு மனசே இல்லீங்க. வளக்கறவங்க, உங்களுக்குத் தெரியாததா... சாத்திட்டனுங்க. துணியும் வெச்சாச்சு.

— தேங்க்ஸ் ஆன்ட்டி. அவ்ளோதான் வெண்பா, வேலை முடிஞ்சுது. ஏன் அப்படி மொறைக்கற?

— பூச்சிக்கு யாராவது பல்லப் புடுங்குவாங்களா சபரி? போன இப்படிக் குடு. ஆன்ட்டி, டப்பா நெறைய இருந்துச்சே, நீங்க எத்தன பூச்சி பாத்தீங்க?

— ஒண்ணே ஒண்ணுதான் கண்ணு. ஆனா அது முழுசும் உள்ள போயி முடியறதுக்கே நேரமாயிருச்சு.

— ஆன்ட்டி, அது என்ன பூச்சி? பேரச் சொல்லுங்க! சொல்லுங்க ஆன்ட்டி!

— வெளக்கு வெச்ச நேரத்துல அது பேர எப்படிக் கண்ணு வாயால சொல்றது?