அந்-நக்லா திருத்தம் போடாது

உங்கள் காவல் நிலையத் தேநீரில் சர்க்கரை கொஞ்சம் குறைவு, பாஷா. பரவாயில்லை, குடிக்கிறேன். முதலில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அரபு உலகத்திலேயே எழுபது ஆண்டுகளாக ஒரு பொய்கூட அச்சிடாத நாளிதழ் ஒன்றே ஒன்றுதான். அது ஸோஹாக்கிலிருந்து வரும் எங்கள் அந்-நக்லா.

ஒரு பருத்தி வியாபாரி தொடங்கியது. பருத்தி விலை, நைல் நீர்மட்டம், ரயில் நேரம், கடைசிப் பக்கத்தில் துக்க அறிவிப்பு. தெற்கே எல்லோரும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார்கள். அதில் பெயர் வராதவரை யாரும் செத்ததாகச் சேர்த்துக்கொள்வதில்லை. அந்தப் பக்கத்துக்கு ஆசிரியன் நான், வஸ்ஃபி. கெய்ரோ பத்திரிகைகள் இரண்டாம் பக்க மூலையில் 'வருந்துகிறோம்' என்று திருத்தம் போடும்போதெல்லாம் அதை வெட்டி அலுவலகச் சுவரில் ஒட்டிவைப்பேன். மனிதன் சிரிக்க வேண்டுமல்லவா.

வழக்கம் உங்களுக்கே தெரியும். கொலையுண்டவனுக்குப் பழி தீர்க்கும்வரை குடும்பத்தார் துக்கம் விசாரிக்க யாரையும் ஏற்பதில்லை. துக்கக் கூடாரம் கிடையாது, வருபவர்களுக்குக் காப்பி கிடையாது. எங்கள் ஊர் ஷாதலியைப் பக்ரி என்பவன் சுட்டுக் கொன்றுவிட்டுத் தலைமறைவாகிப் பதினோரு ஆண்டுகள். ஷாதலியின் துக்க அறிவிப்பை நான் அன்றைக்கே எழுதி இழுப்பறையில் வைத்துவிட்டேன். கிழமை மட்டும் நிரப்ப வேண்டியிருந்தது.

ஞாயிறன்று, பக்ரி ஒளிந்திருந்த கெனாவிலிருந்து எங்கள் நிருபர் தொலைபேசியில் அழைத்தார். "உஸ்தாத், சந்தையில வெடிச் சத்தம். பக்ரி விழுந்துட்டான்." வியாழன் என்று நிரப்பினேன். 'மறைந்த ஷாதலியின் குடும்பத்தார் வியாழன் மாலை துக்கம் ஏற்பர்.' திங்கள் காலை இதழ் போன பிறகு நிருபர் மறுபடி அழைத்தார். பக்ரி விழுந்தது உண்மைதான், கழுதையிலிருந்து. கல்யாண ஊர்வலத்தில் யாரோ வானத்தைப் பார்த்துச் சுட்டதில் கழுதை மிரண்டுவிட்டதாம்.

ஒன்பது மணிக்கு ஷாதலியின் அண்ணன் ரிஃபாயி வந்தார்.

"என்ன உஸ்தாத், எனக்கே தெரியாம நான் கொலை பண்ணிட்டேனாமே? சொந்தக்காரங்க எல்லாம் துக்கச் சாப்பாட்டுக்கு ஆடு ஓட்டிக்கிட்டு வந்து வாசல்ல நிக்கிறாங்க."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தப்பா வந்துடுச்சுன்னு ரெண்டு வரி போடுங்க. எனக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க. அவன் எங்க இருக்கான்னே தெரியலன்னு சொல்லிச் சொல்லித்தான் பதினோரு வருஷமா ஊர் வாயை அடைச்சிட்டு இருக்கேன்."

"அந்-நக்லா திருத்தம் போட்டதே இல்லையே, ரிஃபாயி."

"அப்ப நான் என்னதான் பண்ணட்டும்?"

நியாயமான கேள்வி. செய்தி தவறில்லை, கொஞ்சம் முந்திவிட்டது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். வியாழனுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. கதவருகே அவருடைய தாய்மாமன் நின்றிருந்தார். அவருக்குக் காது மந்தம். அதனால் சற்று உரக்கவே சொன்னேன்: கெனா ரயில் நிலையத்துக்கு எதிரே மொச்சை வடைக் கடை, பிற்பகலில் பக்ரி தனியாகத்தான் இருப்பான்.

ரிஃபாயி என்னையே பார்த்தார். "உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன், உஸ்தாத்?"

மாமன் அவர் தோளில் கை வைத்தார். "வா மாப்ள. அதான் இடம் தெரிஞ்சு போச்சே."

செவ்வாய் பிற்பகல் பக்ரி எண்ணெய்ச் சட்டிமேல் சாய்ந்தானாம். ரிஃபாயி ஓடவில்லை. துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு, உங்கள் வண்டி வரும்வரை வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். செய்தி வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். தோன்றவில்லை. மீதியையும் சாப்பிட்டேன்.

ஆக, பக்ரியைக் கொன்றது நான்தான் என்றே எழுதிக்கொள்ளுங்கள். ரிஃபாயியைத் தூக்கிலிட்டால் அதையும் என் பெயரிலேயே சேர்க்கலாம். எனக்கு இருவர்மேலும் வன்மம் இல்லை. எழுபது ஆண்டுப் பெயர், பாஷா. அது கெடவில்லை.

ஒரே ஒரு சங்கடம். அந்தக் குடும்பத்து ஆண்களையெல்லாம் நீங்கள் பிடித்து வைத்ததில் கூடாரம் போட ஆளில்லாமல் போயிற்று. சனிக்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள். உங்கள் மேசைமேல் இருப்பது இன்றைய இதழ்தானே? இரண்டாம் பக்கம், கீழ் மூலை. பொடி எழுத்து, கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

'ஷாதலி துக்க நிகழ்ச்சி வியாழன் என்று வெளியாகியிருந்தது. சனி எனத் திருத்திப் படிக்கவும். வருந்துகிறோம்.'