பாதியில் நின்ற பாட்டு

மத்தியானம் மூன்று மணி. ஊருக்கு வெளியே நீளமான ஒரு சாலை... ஈ காக்கை கிடையாது. அதில் ஒருவன் ஸ்கூட்டரில் போகிறான்.

“ஏன் பெருசு, பேய் பகல்லயா வரும்?” என்று பேய்க்கதை கேட்க உட்கார்ந்த பையன் ஒருவன் குறுக்கிட்டான்.

“உன் சௌகரியம் பாத்தா அது வரும்? தள்ளி உக்காரு. பக்கத்துல இருக்கிறவனுக்கும் இடம் விடு.”

ஸ்கூட்டரில் போனவன், என்னோடு வேலை பார்த்த பெயிண்டரின் தங்கை புருஷன். அவனுக்கு ஒரு பைத்தியம். கிட்டாரை இடுப்பில் வைத்துக் குலுக்கிப் பாடுகிற ராக் அண்ட் ரோல் பாட்டுக்காரன் ஒருவன் நம்ம ஊரில் இருந்தான். செத்துப் பல வருஷம் ஆகிறது. அவன் ஸ்டுடியோவில் பாடிப் பார்த்த டேப்புகளை இவன் தேடித் தேடிச் சேர்த்தான். வெளிவந்த பாட்டு வேண்டாமாம். தப்பாகப் பாடி நிறுத்தியது, நடுவில் யாரையாவது திட்டியது... அதுதான் வேண்டுமாம். எனக்கு விளங்கவில்லை.

கடைசியாக அந்தப் பாட்டுக்காரன் முயன்ற ஒரு பாட்டு மட்டும் முடியவே இல்லை. வெளிவரவும் இல்லை. எங்காவது ஒரு டேப்பில் அதை முழுதாகப் பாடியிருப்பான், அதைக் கேட்கிற முதல் ஆள் தான்தான் என்று இவனுக்கு வெறி.

சாலை முடிவில் ஒரு வீடு. அதில் இருந்த, அந்தப் பாட்டைப் பதிவு செய்த ஒலிப்பதிவாளர் இறந்துபோயிருந்தார். அவர் மகள் டேப்பைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். காசு வேண்டாம் என்றாள். அங்கேயே எனக்கு இடிக்கிறது... சும்மா எவள் கொடுப்பாள்? இவனுக்கும் சந்தேகம்தான். இந்தத் தொழிலில் போலி அதிகம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். மோந்து பார்த்தான். பழைய டேப் கெட்டால் வினிகர் வாடை அடிக்கும். அடித்தது. அசல்தான்.

“இங்கயே ஒரு தடவை போட்டுக் கேட்டுறட்டுமா?”

“வேணாம் சார். உங்க வீட்ல கேளுங்க.” கதவைச் சாத்திவிட்டாள்.

வீட்டில் போட்டான். உஸ்ஸ்... என்று இரைச்சல். கிட்டார். பாட்டு எழும்புகிறது... ஒரு கனைப்பு. பாட்டு நின்றது.

“யாருய்யா அங்க கனைக்கிறது?” இது பாட்டுக்காரன்.

“யாருமில்லையே.” இது ஒலிப்பதிவாளர்.

மறுபடி தொடங்கினான். மறுபடி கனைப்பு. டேப் முடிகிறவரை இதே கூத்து.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். “உங்க கனைப்பு எப்படிங்க அதுல வந்துச்சு?”

இவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நீதான் எதையோ அமுக்கித் தொலைச்சிருக்க!”

“அந்தச் சனியனை நான் தொடுறதே இல்ல.”

தொட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பழைய டேப் அழிந்துவிடக் கூடாதென்று, மெஷினில் பதிவு செய்கிற ஒயரையே அவன் கழற்றி வைத்திருந்தான். அது பாடும். எதையும் பிடிக்காது.

மறுநாள் திரும்பப் போட்டான். நேற்று இல்லாத பேச்சு ஒன்று வந்தது.

“கதவோரம் நாற்காலியில ஒருத்தன் உக்காந்திருக்கான். அவனை வெளிய அனுப்புங்க. அப்பதான் முழுசாப் பாடுவேன்.”

இவன் நாற்காலி கதவோரம்தான் கிடந்தது. நானாக இருந்தால் டேப்பை அடுப்பில் போட்டிருப்பேன். இவன் காதில் ‘முழுசாப் பாடுவேன்’ மட்டும்தான் விழுந்தது. வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டு, டேப்பை முதலிலிருந்து ஓட்டினான்.

அடுப்படியில் மனைவிக்குக் கேட்டது. பாட்டு நிற்கவில்லை... முழுதாக ஓடி முடிந்தது. பிறகு டேப் நுனி சுற்றிச் சுற்றி டப்... டப்... என்று அடித்தது. அவன் அதை நிறுத்தவில்லை. போய்ப் பார்த்தாள். நாற்காலியில் இருந்தான். மூச்சு இல்லை.

டாக்டர் மாரடைப்பு என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வந்த ஆட்களெல்லாம் போன பிறகு, தங்கை பெயிண்டரிடம் கேட்டாள். “அண்ணா, அவர் சத்தம் அதுல இருக்கு. ஒரே ஒரு தடவை போடேன்.”

போட்டான். கனைப்பே இல்லை. பாட்டு சுத்தமாக ஓடியது. அவள் விம்மத் தொடங்கினாள்.

பாட்டு நின்றது.

“இப்ப ஒரு பொம்பளை அழுறா,” என்றான் பாட்டுக்காரன். “அவளையும் வெளிய அனுப்புங்க.”

பெயிண்டர் மெஷினின் கரண்டு ஒயரைப் பிடுங்கி எறிந்தானாம். அவன் சொன்னதில் பாதியை நான் நம்பவில்லை. ஆனால் அவன் தங்கையை நேரில் பார்த்தேன். புருஷன் பேச்சை யாராவது எடுத்தால் அவள் அழுவதில்லை... மூச்சை அடக்கிக்கொண்டு, கதவைப் பார்க்கிறாள்.