நிக்காஹுக்கு முந்தின நாள்

— அங்கனயே நில்லுங்க. திரைய விலக்கிட்டு உள்ள வந்துராதிய.

— வரல, ஆபிதா பீவி. இந்தா, செருப்பக்கூடக் கழத்தல. ரெண்டு வார்த்த பேசிட்டுப் போயிருதேன்.

— நாளைக்கு நிக்காஹ். இன்னைக்கு மாப்பிள்ள தனியா பேட்டையிலருந்து பஸ் ஏறி வள்ளியூருக்கு வந்து நிக்கியளே! தெருவுல பாத்தா என்ன சொல்லுவாவ? அறுவத்தாறு வயசுல ஷேக் மைதீனுக்கு அவசரத்தப் பாருன்னு சிரிக்க மாட்டாவ?

— சிரிச்சா சிரிக்கட்டும். ஒங்க அண்ணன் இல்லையா?

— ளுஹர் தொழுவப் போயிருக்காவ. மதினி அடுப்படில நிக்கா. பைய பேசுங்க, அவளுக்குப் பாம்புச் செவி.

— அது என்ன சத்தம், சரக் சரக்குன்னு?

— பீடி எல வெட்டுதேன். கல்யாணப் பொண்ணுன்னா கைய மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்க முடியுமா? வந்த காரியத்தச் சொல்லுங்க.

— எனக்கு ஒடம்பு சரியில்ல.

— சுகரும் பிரஷரும் இருக்குன்னு தரகர் சொன்னாரு. தெரிஞ்சுதான் சரின்னேன்.

— அது இல்ல.

— பெறவு? அந்தக் காரியத்துக்கு ஆவாதுன்னு சொல்ல வந்தியளா? அதுக்காவயா பஸ் ஏறுனிய? எனக்கே அம்பத்தி மூணு ஆச்சு. அதெல்லாம் ஒரு கொறையா?

— அல்லாஹ்வே! அதுவும் இல்ல பீவி. என்னக் கொஞ்சம் பேச விடுங்க. யாவாரத்துல எத்தன பேர்ட்ட வாயடிச்சவன் நான். இன்னைக்கு ஒரு வார்த்த வெளிய வர மாட்டேங்குது.

— சரி, நான் வாய மூடிக்கிட்டேன்.

— போன மாசம் கண்ணுல புரை எடுக்கப் போனேன். ஆபரேசனுக்கு முன்ன எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாவ. மறுநா என்ன மட்டும் தனியாக் கூப்ட்டு, பெரியாஸ்பத்திரில ஒரு ரூமுக்கு அனுப்புனாவ. வாசல்ல நம்பிக்கை மையம்னு போட்டிருந்தது. நான் என்னவோ முதியோர் பென்சன் குடுக்கிற எடம்னு நெனச்சு, ஆதார் கார்டக் கையில எடுத்துக்கிட்டுல்லா போனேன்... எல வெட்டுறத நிறுத்திட்டியளே?

— கத்திரி மழுங்கிட்டு. நீங்க சொல்லுங்க.

— அங்கன கலையரசின்னு ஒரு பொண்ணு. எம் மவ வயசுதான் இருக்கும். கதவச் சாத்திட்டு, உங்க ரத்தம் பாசிட்டிவ் பாய்னு சொல்லுச்சு. நான் சிரிச்சேன். எனக்குத்தான் தெரியுமே தாயி, பி பாசிட்டிவ், குண்டூர்ல கால் ஒடிஞ்சு கெடந்தப்பவே சொல்லிட்டாவன்னேன். அந்தப் புள்ள சிரிக்கல.

— ம்.

— வெளங்குதா பீவி?

— வெளங்குது. ஆனா ஒங்க வாயால சொல்லுங்க. ஆம்பளைய சொல்லாம விட்டதெல்லாம் போதும்.

— எச்.ஐ.வி. செவுத்துல எய்ட்ஸ்னு எழுதிப் போட்டிருப்பாவளே, அந்தச் சீக்கு.

— ரெண்டும் ஒண்ணு இல்ல. கவனிக்காம விட்டாத்தான் அதுல கொண்டுபோய் நிறுத்தும். மாத்திர ஆரமிச்சாச்சா?

— ஆரமிச்சாச்சு. என்ன பீவி, நீங்க கத்துவிய, அண்ணனக் கூப்புடுவியன்னு நெனச்சுல்லா வந்தேன்?

— கத்துனா மதினி வருவா. மதினிக்குத் தெரிஞ்சா இந்தத் தெருவுக்குத் தெரியும். போன வருசம் நாலு வீடு தள்ளி ஒரு லாத்தாவுக்கு இதுன்னு தெரிஞ்சுபோச்சு. பெத்த மவனே தட்டையும் செம்பையும் மாட்டுத் தொழுவத்துல கொண்டு வச்சான். மூச்சடங்கி மவுத்தானப்போ மய்யித்தக் குளிப்பாட்ட ஒருத்தி வரல. அவளுக்கும் ஒங்க வயசு இருக்கும். ராத்திரி மாத்திரையத் தவறாமத் திங்கியளா?

— திங்கேன். இது எம் மவ ஷம்ஸியாவுக்கு மட்டுந்தான் தெரியும். சொல்லிராதிய வாப்பா, கட்டிக் கூட்டிட்டு வந்த பெறவு மெதுவாச் சொல்லிக்கலாம், மொதல்லயே சொன்னா எவ வருவா, நாளைக்கு ஒங்களுக்குப் பீ மூத்திரம் யாரு அள்ளுவான்னு கேட்டா. அவளச் சொல்லிக் குத்தமில்ல, அவளுக்கு அவ மாமியார் பாடே பெரும்பாடு. ஆனா சபையில ஒக்காந்து, ஹஜ்ரத் முன்னால, கபூல், ஏத்துக்கிட்டேன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? ஒரு பொம்பளயக் கொன்னது போதாதா?

— யாரக் கொன்னிய?

— எம் பொஞ்சாதி செய்யதலி பாத்திமாவ. ரெண்டு வருசத்துக்கு முந்தி, இருமி இருமி, எலும்பும் தோலுமாப் போனா. நெஞ்சுச் சளின்னாவ, டிபின்னாவ. என்னென்னமோ டெஸ்ட்டு எடுத்தாவ, இத மட்டும் யாரும் பாக்கல. துப்பட்டிய விட்டு வெளிய வராத வயசான பொம்பள, இவளுக்கு இது எங்கனருந்து வரப்போவுதுன்னு நெனச்சிருப்பாவ. எங்கனருந்து வந்துதுன்னு எனக்குல்லா தெரியும்! குண்டூர்ல தவணைக்குச் சேல வித்து அலைஞ்ச காலத்துல நான் ஆடுன ஆட்டம். நான் நல்லாத்தான் திரிஞ்சேன், பலிய அவ சொமந்தா. இன்ன சீக்குன்னுகூடத் தெரியாமப் போய்ச் சேந்துட்டா, அப்பாவி.

— கடைசில சோறு எறங்கலியோ?

— எங்க எறங்குச்சு! ரெண்டு வாயி தின்னுட்டுத் தள்ளி வச்சுருவா.

— நாரத்தங்கா ஊறுகா வச்சிருந்தா இன்னும் ரெண்டு வாயி தின்னுருப்பா.

— ஆமா, அது ஒண்ணு இருந்தா... இத யாரு ஒங்களுக்குச் சொன்னா?

— பொம்பளைய பேச்சுல ஆயிரம் வரும். நாளைக் கதையப் பேசுங்க. நான் மாட்டேன்னு சொல்லணும். அதுக்குத்தான வந்திய?

— மாட்டேன்னு சொன்னா அது நியாயம். ஒங்க அண்ணன்ட்ட நானே சொல்லிருதேன், எனக்கு ஒடம்புக்கு முடியல, நிறுத்திக்கிடுவோம்னு. ஒங்க மேல ஒரு சொல்லு விழாது. பள்ளில தொழுவ முடிஞ்சு ஆளுக வெளிய வாறாவ போல. சட்டுன்னு சொல்லுங்க.

— நாளைக்குச் சாட்சியோட உள்ள வந்து, சம்மதமான்னு என்னக் கேப்பாவ. சம்மதம்னுதான் சொல்லுவேன்.

— என்ன பேச்சு இது? நான் சொன்னது காதுல விழுந்துதா இல்லையா?

— விழுந்துது. ஒண்ணே ஒண்ணு நீங்க ஒத்துக்கிடணும். மாசத்துக்கு ஒரு நா நான் தனியா வெளிய போவேன். எங்க போறன்னு கேக்கக் கூடாது. கூட வரக் கூடாது.

— தனியா என்னத்துக்கு அலையணும்? எங்க போவணும்னாலும் ஆட்டோ வச்சு நானே கூட்டிட்டுப் போவேன். செய்யதலி பாத்திமாவ அப்படித்தான் வச்சிருந்தேன். யாவாரத்துக்கு முழுக்குப் போட்டுட்டு ஊரோட வந்த பெறவு, ஒரு நாளு அவளத் தனியா வாசப்படி தாண்ட விட்டதில்ல. கடைக்கு நான், ரேசனுக்கு நான். இத்தன வருசம் ஒத்தையில கெடந்தவ, இனிமேலாவது ராணியா இருக்கட்டும்னு. பேட்டைல யாரு கிட்டயும் கேட்டுப் பாருங்க.

— கேக்க வேண்டாம். எனக்குத் தெரியும்.

— ஊறுகாயும் தெரியும்ங்கிய, இதுவும் தெரியும்ங்கிய. அவளுக்கு நீங்க யாரு?

— பெரியாஸ்பத்திரில இப்ப நீங்க மாத்திர வாங்குதியளே, அந்த வரிசையில எனக்கு முன்னால நின்னவ அவ.

— யா அல்லாஹ்!

— சத்தம் போடாதிய! எம் மொத மாப்பிள்ள எனக்கு விட்டுட்டுப் போன சொத்து இது. அண்ணனுக்குத் தெரியாது. மாத்திர டப்பா பீடி எலச் சாக்குக்குள்ள கெடக்கு. செய்யதலி பாத்திமாவுக்குக் கர்ப்பப்பை எடுக்கப் போன எடத்துல தெரிஞ்சிருக்கு. அப்ப நீங்க குண்டூர்ல. மாசா மாசம் ரெண்டு பேரும் மாத்திர வாங்கிட்டு, வேப்பமரத்தடில அவ கொண்டு வாற கட்டுச்சோத்தத் தின்னுட்டுத்தான் பஸ் ஏறுவோம்.

— அப்ப அவளுக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா என்கிட்ட வாயத் தெறக்கல?

— தெறந்தா, எவன்கிட்ட வாங்குனன்னு என்னத்தான் கேப்பாவன்னு பயந்தா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். மாப்பிள்ளயக் கூட்டிட்டு வாங்கம்மான்னு ஆஸ்பத்திரில விடாமக் கேட்டாவ. அதுக்கு பயந்து, மாப்பிள்ள இல்லன்னு சொல்லிட்டா.

— நான் மவுத்தாயிட்டேன்னா சொன்னா?

— ஆமா. தரகர் வந்து ஒங்க பேரச் சொன்னதும் ஆளு யாருன்னு எனக்கு வெளங்கிட்டு. ஒங்களுக்கும் இருக்கும், அது ஒங்களுக்குத் தெரியாது. இந்த துனியாவுல அது தெரிஞ்சவ நான் ஒருத்திதான். அதனாலதான் இந்தக் கிழவனாருக்குச் சரின்னேன். எஞ் சீக்க மறச்சுக்கிட்டாவது ஒங்களக் கட்டி, எப்படியாவது ரத்தம் பாக்க இழுத்துட்டுப் போயிரணும்னு இருந்தேன்.

— இரிங்க, இரிங்க. மாத்திர தவறாமத் தின்னா இன்னும் இருவது வருசம் நல்லா இருக்கலாம் பாய்னு அந்தக் கலையரசி சொல்லுச்சு. நீங்களும் இந்தா தெடமாத்தான இருக்கிய? அதே வரிசை, அதே மாத்திர. அப்ப அவ மட்டும் ஏன் செத்தா? சொல்லுங்க பீவி, அவ மட்டும் ஏன் செத்தா?

— கொரோனாவுல நீங்க யாவாரத்துக்கு முழுக்குப் போட்டுட்டு ஊரோட வந்தியள்ளா, அந்த மாசத்துலருந்து அவ வரிசைக்கு வரல.