பூ வச்ச நோட்டீஸ்

— ஏம்பா சூசை, கதைக்கு முடிவு எங்க? அங்க மெஷின்காரன் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான்!

— சுல்தாண்ணே, நீங்க பத்திரிகை ஆசிரியரு. துண்டு துண்டாக் கிழிச்சுக் குடுத்தீங்க, நா எழுத்துக் கோத்தேன். நாலு துண்டுதான் வந்துச்சு. மாதா மேல சத்தியம்.

— கோக்கும்போது கதையப் படிச்சியா இல்லியா?

— எந்தக் கம்பாசிட்டர்ணே கதையப் படிப்பான்? 'க' வந்தா 'க' எடுப்பேன், 'கா' வந்தா கூட ஒரு காலு எடுப்பேன். படிச்சா கை நின்னுரும்.

— அட அல்லா! ஒம்போது வருஷமா இதே பேச்சு. இப்ப காதாலயாவது கேளு, எது கொறையுதுன்னு பாப்போம். மொதத் துண்டு, தொடக்கம். நம்ம மாதிரி ஒரு அச்சுக்கூடம். வெள்ளிக்கெழமையானா ஒரு டீச்சரம்மா மாதா கோயில் நோட்டீஸ் கொண்டு வருது. அங்க வேல செய்யிற ஒருத்தன் வாங்கி வச்சுக்கிட்டு, "நாளைக்கு ரெடி டீச்சர்"ம்பான். அவ்வளவுதான் பேச்சு.

— சரி, தொடக்கம் இருக்கு. மேல போங்க.

— ரெண்டாவது, சிக்கல். டீச்சரம்மாவோட அண்ணங்காரன் அதுக்கு மாப்பிள்ள பாத்துட்டான். அக்கரையில, புக்கிட் மெர்தாஜாம்ல ரயில்வே கிராணி, கணக்கெழுதுற வேல.

— ஐயையோ! நம்மாளு என்ன பண்றான்?

— ஒண்ணும் பண்ணல.

— மடையன்லா! வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதானே?

— எனக்கும் அதான் ஆத்திரம்! மூணாவதுல சிக்கல் இன்னும் இறுகுது. சனிக்கெழம நாலு மணி ஃபெரில அக்கரைக்குப் போறாங்க, அண்ணன் வீட்டுல நிச்சயம். அவ கடைசியா வந்து, "இனிமே நோட்டீஸ் வேற ஆளு கொண்டு வருவாங்க"ங்கிறா.

— அதுக்கு அவன்?

— "சரிங்க டீச்சர்"ங்கிறான்.

— அவனச் செருப்பாலயே அடிக்கணும்ணே!

— இரு, அடிக்கலாம். நாலாவதுதான் உச்சம். வீட்டுக்குப் போயி, ரெண்டு வருஷத்து நோட்டீஸையும் தரையில பரப்பிப் பாக்குறா. எல்லாத்துலயும் ஓரத்துல ஒரு சின்னப் பூ அச்சு. அவ கேக்கவே இல்ல. வேற யாரு நோட்டீஸ்லயும் அந்தப் பூ கெடையாது. அப்பத்தான் அவளுக்குப் புரியுது... ஏந்தம்பி, ஒனக்கு ஏன் இப்படி வேர்க்குது?

— அந்தப் பூவு... அஞ்சு இதழாண்ணே?

— அஞ்சு இதழ்தான்.

— அண்ணே, அத வச்சது நாந்தாண்ணே.

— தெரியும்.

— அப்ப இது அன்னமேரி டீச்சர் எழுதுனதா?

— பேரு போட வேணாம்னு சொல்லிக் காலையில குடுத்துட்டுப் போச்சு.

— சேசுவே! அவ்வளவும் என் கையாலயே கோத்தேனே, ஒரு வரி படிக்கலியே! இன்னிக்கு சனிக்கெழமதானே? மணி என்னண்ணே?

— மூணே கால்.

— ரெண்டு கையும் மையா இருக்கு, சட்டையெல்லாம் மை...

— மையோடயே போ! வாசல்ல ரிக்‌ஷா நிக்குது. இந்தத் தடவ "சரிங்க டீச்சர்"னு சொன்ன, கால ஒடிச்சுருவேன்!

— சொல்ல மாட்டேண்ணே, சத்தியமா கேட்டுருவேன்! ஆனா பத்திரிகை நிக்குதே? அந்த அஞ்சாவது துண்டு?

— அது காலையிலேருந்து என் சட்டப் பையிலதான் இருக்கு. அதுல அந்தப் பொண்ணு ஃபெரி ஏறிப் போயிருது. எனக்குப் புடிக்கல, அதான் ஒங்கிட்டக் குடுக்கல. ஓடு, முடிவ மாத்திட்டு வா!