அண்ணனுக்கு மட்டும் ஒரு வரம்பு

எனக்கு ஞாபகம் அவ்வளவு சரியில்லை, ஐயா. அண்ணனின் இணைய நேரத்தை முதலில் குறைத்தது மீன்களுக்கு மருந்து போட்ட வாரத்திலா, அதற்கு முந்தியா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

வேலை சாதாரணமானதுதான். மலைகளுக்கிடையே கடல் உள்ளே நுழையும் ஃபியோர்டு நடுவே எங்கள் சால்மன் மீன் பண்ணை. அங்கே மீன் கூண்டுகளை ஒட்டிய மிதவையில் வாரக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு இருப்பது ஒரே மெல்லிய இணைய இணைப்பு. எல்லோருக்கும் போதவேண்டுமே. கடவுச்சொல் கொடுத்து உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் எவ்வளவு நேரத்தில் வெளியேற்றுவது என்று கரையிலுள்ள சர்வருக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது நான். அந்த மிதவையில் வேலை பார்த்த என் அண்ணன் தூர்கெய்ருக்கு மட்டும் வேறு வரம்பு எழுதினேன்.

அவன் மனைவி சுன்னிவாவை அவனுக்கு முன்பே எனக்குத் தெரியும். அவன் கடலில் இருக்கும் வாரங்களில் அவர்கள் வீட்டுக்கு விறகு பிளந்து கொடுப்பேன். அவள் காப்பி ஊற்றுவாள். இருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். அந்த மௌனத்தை விட்டால் எனக்கு வேறு வாழ்க்கை இல்லை. பிறகு இணையம்வழி அவன் அழைப்பு வரும். அவள் முகம் மலரும். நான் எழுந்துகொள்வேன்.

பேச்சு தினமும் ஒரே அளவில் அறுந்தால் சந்தேகம் வரும். வானிலைத் தகவலை ஸ்கிரிப்டில் இணைத்தேன். காற்று ஏற ஏற அவன் நேரம் குறையும். வட நார்வேயில் காற்றின்மேல் பழி போட்டால் யாரும் மேலே கேட்பதில்லை.

"என்னடா, உன் சர்வர் என் பொண்டாட்டி மேல கண்ணு வெச்சிருக்கா? கொஞ்ச ஆரம்பிச்சா கட் பண்ணுது" என்று அண்ணன் சிரித்தான்.

சுன்னிவா சிரிக்கவில்லை. "பாதியிலயே போனை வெச்சிடறார், யூஸ்தைன். என்கிட்ட பேசி அலுத்துப்போச்சு போல" என்றாள் என்னிடம். நான் மறுக்கவில்லை.

அடுத்த முறை கரைக்கு வந்தபோது, இணைப்பு அறுந்தால் கடைசிக் கூண்டின் நடைபாதைவரை போய்விடுவதாக அண்ணன் சொன்னான். அங்கே மொபைல் சிக்னல் கிடைக்குமாம்.

"அந்தக் காத்துல அங்க நிக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"அவ கோவமா இருக்காடா. வேற என்ன பண்ணச் சொல்ற?"

சர்வர் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் பெயரிருந்த ஒரு வரியை அழித்தால் போதும். காற்று மோசமான நாளில்தான் அந்த வரி அவனை வெளியே அனுப்பும் என்று எனக்குத் தெரியும். அழிக்கவில்லை. ஆனால் அவனை நடக்கச் சொன்னது நானில்லை.

புயலடித்த மத்தியானம் அந்த நடைபாதையிலிருந்து தூர்கெய்ர் கடலில் விழுந்தான். உடல் ஃபியோர்டின் முகத்துவாரத்தில் கிடைத்தது. அவனைப் பிடிக்க ஓடிய சக தொழிலாளி ஆஸ்லாக் கால் ஒடிந்து வேலையை விட்டுவிட்டார். பண்ணையில் இப்போது எல்லோருக்கும் ஒரே வரம்பு. சுன்னிவா அதே வீட்டில்தான் இருக்கிறாள். அவளிடம் இதைச் சொல்லவேண்டாம், ஐயா. இப்போதுதான் என்னோடு கொஞ்சம் பேச ஆரம்பித்திருக்கிறாள்.