கலைப்பிரியாவின் களிமண் மயில்

விழாத் தலைவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதைக் கூட்டேரிப்பட்டு முழுக்கத் தேடிய பேரறிஞர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா கோதண்டபாணி அவர்களே! அனந்தபுரத்திலிருந்து ஒரு வேனில் நாற்பது பேராகப் பொருந்தி வந்த சம்பந்தி வீட்டுச் சான்றோர்களே! சந்தனத்தைக் குழைத்துவிட்டுச் சண்டைக்குக் காது கொடுத்திருக்கும் தாய்மார்களே! பந்தி எப்போது என்று பார்வையாலேயே கேட்கும் பெரியோர்களே! மணமகளின் தாய்மாமன், திண்டிவனம் கண்ணையன், உங்கள் அனைவரின் பொறுமையையும் முதற்கண் வணங்குகிறேன்!

"பொண்ணு எங்கய்யா?" என்று கேட்பது யார்? கொளஞ்சியா? வருவாள் ஐயா, வருவாள்! மாப்பிள்ளை தீனதயாளன் மேடையில் அரைமணி நேரமாகத் தனியாக நின்று, இரண்டு பேருக்கான மாலை வெயிட்டையும் ஒருவராகத் தாங்குகிறார். அவரே பொறுக்கிறார், உனக்கென்ன?

அதுவரை நகையைப் பற்றிப் பேசுகிறேன். கடை நகை அல்ல. இந்த இரண்டாயிரத்துப் பதினான்கிலே, என் மருமகள் கலைப்பிரியா வீட்டிலேயே களிமண்ணில் செய்த கல்யாண நகை!

நகை செய்ய என்ன வேண்டும்? நவரத்தினமா? இல்லை! நாலு கிலோ பொன்னா? இல்லை! ஏரி மண் ஒரு கூடை, பழைய வேட்டி ஒன்று, துடைப்பத்து ஈர்க்குச்சி ஒன்று, பல் உடைந்த சீப்பு ஒன்று! மண்ணை வேட்டியில் சலி. முறுக்கு மாவாய்ப் பிசை. உருட்டி அச்சில் அழுத்து. ஈர்க்குச்சியால் துளையிடு. சீப்பால் கோடு போடு. நிழலில் ஐந்து நாள் உலர்த்து. நிழலில், தாய்மார்களே, நிழலில்! நான் அவசரக்காரன், வெயிலில் வைத்தேன். ஐந்து நாளை அரைநாளாக்கி அடுப்பிலும் போட்டேன். அது வெடித்த வெடியிலே மயிலம் மலையிலிருந்த மயில்களெல்லாம் மரக்காணத்துக் கடலில் போய் விழுந்தன! அவளோ உடைந்த பானையில் உமியும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைத் தோலும் பரப்பி, வரட்டி மூட்டி, மெல்ல மெல்லச் சுட்டாள். செங்கல் நிறத்தில் மயில் பிறந்தது!

ஆனால் முதல் ஜோடியில் ஒரு பிழை. இரண்டையும் ஒரே அச்சில் எடுத்துவிட்டாள். காதணி என்றால் ஒன்றையொன்று பார்க்க வேண்டாமா? இரண்டு மயிலும் ஒரே பக்கம் பார்த்தன, பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி! ஒன்றை நான் எருமைக்கு மாட்டி அழகு பார்த்தேன். அது தின்றுவிட்டது. மற்றொன்றை நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தியம்மாள் தையல்நாயகி கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, "ஏம்மா, மண்ண காதுல மாட்டிக்கினா மேடையேறப் போற? ஜனங்க சிரிக்காதா?" என்றார். அந்த மயில் பிறகு எங்கே போயிற்று, யாருக்கும் தெரியாது.

கலைப்பிரியா சளைக்கவில்லை. வேறு அச்சு வெட்டினாள். எதிரெதிராய்ப் பார்க்கும் இரண்டு மயில்! பச்சை வண்ணம், பொன் விளிம்பு! அதை மாட்டிக்கொண்டுதான் இன்று மேடையேறுவதாக இருந்தாள். ஒரு மணி நேரத்துக்கு முன் அதில் ஒன்று உடைந்து கிடந்தது.

என்ன, சத்தம் அடங்கிவிட்டது? ஆம், ஐயா! அதுதான் உள்ளே நடக்கும் பஞ்சாயத்து! மணமகள் அறைக்குக் கடைசியாகப் பூ எடுத்துக்கொண்டு போனவர் சம்பந்தியம்மாள். அன்றைக்குச் சொன்ன சொல் வேறு இருக்கிறது. என் அக்கா அம்பிகா வாய் தவறி, "புடிக்கலன்னா சொல்லிட்டுப் போவறதுதானே, ஒடைக்கணுமா?" என்று கேட்டுவிட்டாள். சம்பந்தியம்மாளோ முன்வரிசையில் வந்து முகம் திருப்பி உட்கார்ந்து, வேன் டிரைவரைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்.

தங்கத் தோடு பெட்டியில் இருக்கிறது, பெரியோர்களே! மாட்டிவிடலாம். விழுந்த பழியை எந்தப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது?

தண்ணீர் கொடு, கொளஞ்சி. 

அந்த அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதன்மேல் ஒரு சிவப்புச் சால்வை. அதன்மேல் ஒரு மனிதன், பந்திக்கு முன்பே சமையற்கட்டில் சுட்ட நான்கு வடையோடு, யாரும் பார்க்காமல் போய் உட்கார்ந்தான். 'டக்' என்றது. அப்பளம் என்று நினைத்தான். வடையோடு அப்பளம் ஏது? எழுந்தான். பார்த்தான். சால்வை மடிப்புக்குள் உடைந்த மயில்! மறுபடி சால்வையால் மூடினான். வெளியே வந்தான். வாயைத் துடைத்தான். பிறகு பழி அடுத்தவர்மேல் விழுந்தபோதும் அந்த வாயைத் திறக்கவில்லை!

அவன் யார்? கேளுங்கள்! அக்கா, நீயும் கதவைத் திறந்து கேள்! உடைத்தவர் சம்பந்தியம்மா அல்ல. உட்கார்ந்தவன் நான்! இந்தக் கண்ணையன்! நூறு கிலோ பாவி!

சிரியுங்கள், தகும். சம்பந்தியம்மா, உங்கள் பக்கம் திரும்பிக் கும்பிடுகிறேன். வேனை நிறுத்தச் சொல்... இருங்கள். இருங்கள் அம்மா! இடுப்பில் என்ன அது? சாவிக்கொத்தில் தொங்குவது என்ன?

அவையோரே, எழுந்து பாருங்கள்! காணாமற்போன மயில்! செங்கல் நிறம் தேய்ந்து, சாவி உரசி மழுங்கி, ஆறு மாதமாக அனந்தபுரத்து வீட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்த மயில்! இதை இடுப்பிலே சுமந்தவரையா உடைத்தார் என்றோம்?

என்ன சொல்கிறார்? மைக்கில் சொல்கிறேன்: "நல்லாத்தான் பாத்து உக்காருற, அண்ணே! இந்தா புடி. பொண்ணு அழுதுக்கினு கெடக்குதாம், ஜல்தியா மாட்டி உடுங்க!"

மாப்பிள்ளை மாலையைக் கழற்றிவிட்டார்! ஜெனரேட்டர்காரரிடம் குறடு வாங்கிவிட்டார்! உடைந்த மயிலின் கொக்கியைக் கழற்றி இந்த மயிலுக்கு மாட்டப் போகிறார்! மாப்பிள்ளை, நகைத் தொழிலின் முதல் பாடம்: வளையத்தை இழுத்துப் பிரிக்காதீங்க, வட்டம் போயிடும். பக்கவாட்டில் திருகுங்க! ஆ, அப்படித்தான்!

அதோ வருகிறாள் என் கலைப்பிரியா! ஒரு காதில் பச்சையும் பொன்னுமாய் ஒரு மயில். மறு காதில் சாவி உரசிய சிவப்பு மயில். இரண்டும் ஒரே பக்கம் பார்க்கின்றன. எந்தப் பக்கம்? முன்வரிசைப் பக்கம்! மாமியார் பக்கம்! அக்கா, போய் அவங்க கையைப் பிடி. பிடித்துவிட்டாளா? பிடித்துவிட்டாள்!

மணமக்கள் வாழ்க! மண் பிசையும் கைகள் வாழ்க! இவ்வளவு நேரம் பசியைப் பொறுத்த உங்களுக்கும், பழியைப் பொறுத்த சம்பந்தியம்மாளுக்கும் நன்றி சொல்லி, நாற்காலியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு அமர்கிறேன். வணக்கம்!