பதினொரு நாள் திறந்திருந்த வாசல்

அக்கிராசனர் பூதலிங்கம் பிள்ளை அவர்களே, நாகர்கோவிலிலிருந்து கார்களில் வந்து மேடையை நிறைத்திருக்கும் வக்கீல்களே, வர்த்தகப் பிரமுகர்களே, முன்வரிசையில் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கும் கோட்டாறு மைதீன் பிச்சை சாகிபு அவர்களே, ஆலைத் தொழிலாளர்களே, களத்தின் மேற்கு ஓரத்தில் இரண்டு மணி நேரமாக நின்றுகொண்டிருக்கும் சுமட்டுப் பெண்களே!

உங்களை உட்காரச் சொல்ல எனக்கு ஆசைதான். உங்களுக்கு யாரும் பெஞ்சு போடவில்லை.

நான் கோலப்பன். இந்தப் பழையாற்று அரிசி ஆலையில் பதினாறு ஆண்டுகளாகத் தலைமைக் குமாஸ்தா. எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மறைந்தவரை ஒருமுறைகூட நேரில் பார்த்திராத வக்கீலுக்கு அரை மணி நேரம். பன்னிரண்டு வயது முதல் அவரோடு படித்தவனுக்கு ஐந்து நிமிடம்! மணியை அடிக்கலாம். நான் நிறுத்தப்போவதில்லை.

நம்முடைய செய்யது அலி, எம்.காம். மறைந்து இன்றோடு பத்து நாள். வயது முப்பத்தெட்டு. நெய்யூர் ஆஸ்பத்திரியில், டைபாய்டு காய்ச்சலில், டாக்டர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தும் பிழைக்காமல் போனார். எனக்குப் பின்னால் இருக்கும் படத்தைப் பற்றி, இல்லை, அந்தப் படத்துக்குப் பின்னால் இருக்கும் அவரைப் பற்றிப் பேசவே நான் நிற்கிறேன். படம் வைத்து மாலை போடுவது எங்கள் வழக்கமில்லை என்று அவருடைய தகப்பனார் மைதீன் பிச்சை சாகிபு ஆள் விட்டுச் சொன்னார். கேட்டார்களா? இந்த ஆலையில் யார் சொல்லை யார் கேட்டிருக்கிறார்கள்!

படத்தின் கீழே எழுதியிருப்பதைப் படித்தீர்களா? "நிர்வாகக் கலை வல்லுநர்." பொன் எழுத்து. இதே மனிதரின் பெயருக்குப் பக்கத்திலிருந்த பட்டத்தை ஆலையின் பெயர்ப் பலகையிலிருந்து சுரண்டச் சொன்ன வாய் எது? சுரண்டுவதற்குத் தச்சனைக் கூட்டிவந்த கை எது? வாய் இந்த மேடையில் இருக்கிறது. கை என்னுடையது.

சபையோரே, நாங்கள் இருவரும் நாகர்கோவிலில் ஒரே பெஞ்சில் படித்தோம். எஃப்.ஏ. பரீட்சையில் நான் முதல், அவர் மூன்றாவது. அவர் 1925-இல் கொழும்பு போய்க் கப்பலேறினார். நான் இங்கே இதே மேசையில் உட்கார்ந்திருந்தேன். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இருந்தது. இல்லையென்று இந்த இடத்தில் நின்று பொய் சொல்லமாட்டேன்.

இங்கிலாந்தில் ஒரு தொழில் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் வணிகத்தில் பட்டம் பெற்று, மேற்பட்டத்துக்கும் சேர்ந்தார். அங்கே மேற்பட்டத்துக்கு ஒரு சிறப்புப் பாடம் தேர்ந்தெடுக்க வேண்டும். பாங்கித் தொழில் எடுக்கலாம், இன்ஷூரன்ஸ் எடுக்கலாம், தணிக்கை எடுக்கலாம். பாங்கு எடு என்று தகப்பனார் எழுதினார். தணிக்கை எடு, சர்க்கார் வேலை நிச்சயம் என்று நான் எழுதினேன். எங்கள் இருவருக்கும் ஒரே தபாலில் பதில் வந்தது: நிர்வாகம் எடுத்துவிட்டேன்.

முப்பது பேரில் நான்கு பேர்தான் அதை எடுத்தார்களாம். முதல் வாரம் பாடமே நடத்தவில்லையாம். பேராசிரியர் அவர்களை ஒரு பிஸ்கட் தொழிற்சாலைக்கு அழைத்துப்போய், ஒவ்வொருவரையும் ஒரு தொழிலாளியின் பக்கத்தில் விடியற்காலை முதல் சங்கு ஊதும்வரை நிற்கவைத்தாராம். பேசக்கூடாது, உட்காரக்கூடாது. மறுநாள் காலையில் ஒரே கேள்வி: "உங்களுக்கு எங்கே வலிக்கிறது?" வலித்த இடத்தை எழுதித் தந்தார்களாம். "இதுதான் உங்கள் பாடப்புத்தகத்தின் முதல் பக்கம்" என்றாராம் பேராசிரியர். இதைச் செய்யது அலி எனக்கு நான்கு பக்கம் எழுதியிருந்தார். நான் படித்துவிட்டுச் சிரித்தேன். கால் வலிக்கவா கடல் தாண்டினான் என்று நண்பர்களிடம் படித்தும் காட்டினேன்.

1929-இல் திரும்பி வந்தார். இரண்டு ஆண்டு வேலை இல்லை! களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரை அவர் ஏறாத படி இல்லை. மார்த்தாண்டத்தில் ஒரு முதலாளி அவரைக் கூடத்தில் நிற்கவைத்து, "ஆளை மேய்க்கதுக்கு ஒரு படிப்பா மக்கா? அப்போ எனக்க மாட்டுக்காரனும் எம்.காம். தானே!" என்று சொல்லி, கூடியிருந்தவர்களைச் சிரிக்கவைத்தாராம். பாங்கிப் படிப்பைப் பார்த்து யாராவது சிரித்தார்களா? வக்கீல் படிப்பைப் பார்த்துச் சிரிக்கத் துணிவார்களா? மனிதரை வைத்து வேலை வாங்குவதற்கு ஒரு அறிவு வேண்டும் என்று சொன்னால் மட்டும் ஏன் இந்த ஊருக்குச் சிரிப்பு வருகிறது? அந்த அறிவு தனக்குப் பிறவியிலேயே உண்டு என்று ஒவ்வொரு முதலாளியும் நினைப்பதால்தான்!

1931-இல் இந்த ஆலைக்கு வந்தார். மானேஜர் வேலைக்கு நானும் விண்ணப்பித்திருந்தேன். டைரக்டர்கள் அவரைக் கேள்வி கேட்டபோது குறிப்பெழுத என்னையே உட்காரவைத்தார்கள். அக்கிராசனர் அவர்கள் கேட்டதை மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

"சீமையில என்ன வே படிச்சீரு?"

"நிர்வாகம், பிள்ளைவாள்."

"அப்படின்னா?"

"ஆளுகளையும் வேலையையும் ஒழுங்கா நடத்துகது."

"அதுக்கா கப்பலேறினீரு? எனக்க வீட்டுக்காரி பதினாறு பேரு உள்ள வீட்டை நடத்துகா. அவளுக்கு எந்தச் சீமையில வே பட்டம் குடுப்பான்?"

எல்லாரும் சிரித்தார்கள். செய்யது அலியும் சிரித்தார். "அப்போ மொதல்ல அவங்களை மானேஜராப் போடணும் பிள்ளைவாள். அவங்க வரமாட்டேன்னு சொன்னா என்னைப் போடுங்க" என்றார்.

போட்டார்கள். அந்தப் பதிலுக்காகவா? படிப்புக்காகவா? இல்லை! கோட்டாற்றில் எதிர் ஆலைக்காரன் பலகையில் ஒரு பி.ஏ. தொங்கியது. நம் பலகையில் ஒரு எம்.காம். தொங்கட்டும் என்று போட்டார்கள்.

வந்தவர் முதல் மாதம் தம்முடைய அறையில் உட்காரவே இல்லை. கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு களத்தில் நின்றார். நெல் வேகவைக்கும் தொட்டியருகே நின்றார். எஞ்சின் பக்கம் நின்றார். பிறகு ஒருநாள் காலை, கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சும்மாடு சுற்றி, தலையில் நெல்மூட்டை ஏற்றினார்! இந்த ஜில்லாவில் அப்படி ஒரு மானேஜரை யாராவது பார்த்ததுண்டா? சுமட்டுப் பெண்களுக்கு மூத்தவளான உலகம்மாள் வழியை மறித்து நின்றாள்.

"மானேசர் ஏமானே, ஒமக்கு என்ன கிறுக்கா? சொமடு தூக்கவா சீமையில போய்ப் படிச்சீரு?"

"ஏமான்னு சொல்லாதே அக்கா. சொமடு தூக்குக தூரத்தைக் குறைக்கப் படிச்சேன். தூரம் எவ்வளவுன்னு எனக்க காலுக்குத் தெரியாண்டாமா?"

"கழுத்துக்குத் தெரியும், சும்மா நடயும்! நெல்லைக் கொட்டினீருன்னா நானில்லா பெறுக்கணும்!"

அவர் நடந்தார்; ஒவ்வொரு எட்டையும் எண்ணிக்கொண்டே நடந்தார். சபையோரே, நெல் வண்டிகள் சாலை முனையில் நிற்கும். அங்கிருந்து இந்தக் களத்துக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, டைரக்டர்களின் வீடுகள் இருக்கும் தெரு வழியாக முன்வாசல். நூற்றுப் பன்னிரண்டு எட்டு. மற்றொன்று, ஆற்றுக்கால் கரையின் ஒற்றையடி வரப்பில் போய், பின்வாசல். நானூற்று முப்பது எட்டு. ஒருத்தி நாளுக்கு இருபத்தைந்து நடை. மழைக்காலத்தில் வரப்பு வெண்ணெய்போல் வழுக்கும். ஆலை தொடங்கிய நாளிலிருந்து சுமடு பின்வாசல் வழியாகத்தான் வந்தது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. பத்து ஆண்டு இங்கே உட்கார்ந்திருந்த நானும் கேட்டதில்லை. எஃப்.ஏ.யில் முதல் வந்தவன்!

அந்தத் தை மாதம் அவர் முன்வாசலைத் திறந்தார். திருட்டுத்தனமாக அல்ல, சாவி மானேஜர் கையில் இருப்பது, திறந்தார். பதினொரு நாள் பெண்கள் அந்தத் தெரு வழியாக நடந்தார்கள். ஐந்தரை மணிக்கு முடியும் வேலை மூன்று மணிக்கு முடிந்தது. ஒருத்தியும் விழவில்லை. ஒரு மூட்டையும் நனையவில்லை.

பன்னிரண்டாம் நாள் டைரக்டர்கள் கூடினார்கள். செய்யது அலி தம் நோட்டை விரித்து எட்டு எட்டாகப் படித்தார். அக்கிராசனர் பொறுமையாகக் கேட்டார் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கேட்டு முடித்துச் சொன்னார்:

"வே, நீரு எண்ணினது சரிதான். சொன்னதும் சரிதான். ஆனா அவளுக எனக்க தெரு வழியாட்டு வரக் கூடாது."

இவ்வளவுதான், கனவான்களே! அவர் படித்த படிப்பு தவறென்று ஒருவரும் சொல்லவில்லை. படிப்பு சரி என்று தெரிந்தே அதைப் பூட்டினார்கள். தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம். சரி என்று சொல்லிவிட்டுப் பூட்டியவனை என்ன செய்வது?

அவரைக் கிடங்குப் பொறுப்பாளராக இறக்கினார்கள். பட்டத்தைப் பலகையிலிருந்து சுரண்டினார்கள். மானேஜர் வேலைகளை எனக்குக் கொடுத்தார்கள், பதவியைக் கொடுக்கவில்லை. சாவியையும் கொடுத்தார்கள். மறுநாள் காலை நான் பூட்டினேன். பெண்கள் தலையில் மூட்டையோடு வாசலுக்கு வெளியே நின்றார்கள். திரும்பி, வரப்புப் பக்கம் நடந்தார்கள்.

அவர் ஏன் வேலையை விட்டுப் போகவில்லை என்று நான் ஒருமுறை கேட்டேன். "பாடம் பாதியில் நிற்குதே கோலப்பா" என்றார். ஆண்டுக்கு ஒன்றாக, டைரக்டர்களுக்கு ஐந்து விண்ணப்பம் எழுதினார். ஒவ்வொன்றிலும் ஒரே கோரிக்கை: முன்வாசலைத் திறக்க வேண்டும். அவை ஏன் கூட்டத்துக்கு வரவில்லை தெரியுமா? வைக்க வேண்டாம் என்று எனக்கு உத்தரவு. நான் கட்டிவைத்தேன். இதோ, ஐந்தும் என் கையில். அக்கிராசனரின் மேசைமேல் வைக்கிறேன். நாகர்கோவில் கனவான்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப் படிக்கலாம். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் இந்த ராஜ்ஜியத்தில் கோயில் வாசல்களே எல்லாருக்கும் திறந்தன. சுசீந்திரத்தில் உலகம்மாள் உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தாள். சாமிக்கு முன்னால் போகலாம். பூதலிங்கம் பிள்ளை அவர்களின் வீட்டுக்கு முன்னால் போகக்கூடாது! இந்த அதிசயம் உலகத்தில் வேறு எங்கே உண்டு?

இந்த ஐப்பசி மழையில் அவள் வரப்பில் வழுக்கி விழுந்தாள். மூட்டை தொடைமேல் விழுந்து எலும்பு முறிந்தது. ஓடிப்போய்த் தூக்கியவர் கிடங்குப் பொறுப்பாளர். நெய்யூருக்குக் கொண்டுபோனதும் அவர்தான். ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவந்ததும் அவர்தான். கடைசியில் அதே ஆஸ்பத்திரியில் அவரே படுத்தார். இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு நான் போயிருந்தேன். கண் திறந்து, "அங்க மழையா?" என்று கேட்டார். மழைதான் என்றேன். "வரப்பு வழுக்குமே" என்றார். சாவி என் மடியில் இருந்தது.

மணி அடிக்கிறார்கள். அடிக்கட்டும்.

கனவான்களே, உங்களிடம் ஒரு கேள்வி. இன்று இந்தக் கூட்டத்துக்கு நீங்கள் எந்த வழியாக வந்தீர்கள்? முன்வாசல் வழியாக! ஏறக்குறைய ஆறு ஆண்டுக்குப் பிறகு, உங்கள் கார்களுக்காக, என் கையால் திறந்தேன். சுமட்டுப் பெண்கள் எந்த வழியாக வந்தார்கள்? இரங்கல் தெரிவிக்க வந்தவர்களையும் வரப்பு வழியாக வரச் சொல்லி உத்தரவு! அந்த மேற்கு ஓரத்தைத் திரும்பிப் பாருங்கள். கக்கத்தில் கோலூன்றி நிற்கிறாளே, அவள்தான் உலகம்மாள். முறிந்த காலோடு நானூற்று முப்பது எட்டு நடந்து, செய்யது அலிக்காக வந்திருக்கிறாள். அவள் மகள் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துவந்தாள். இருவர் சேர்ந்து நடக்க அந்த வரப்பில் அகலம் கிடையாது.

அவருக்கு என்ன செய்யப்போகிறோம்? படம் வைத்தாயிற்று. அனுதாபத் தீர்மானம் வாசித்தாயிற்று. அவர் பெயரால் ஆண்டுதோறும் ஒரு பரிசு என்று வக்கீல் அவர்கள் முழங்கினார். வைத்துக்கொள்ளுங்கள்! அவர் கேட்டது ஒன்றே ஒன்று. ஐந்து முறை கேட்டார், எழுத்தில் கேட்டார்.

கார்கள் போனதும் முன்வாசலைப் பூட்டும்படி எனக்கு உத்தரவு இருக்கிறது. நான் பூட்டப்போவதில்லை. நாளை காலை ஏழு மணிக்கு நெல் அந்த வழியாக வரும். நாளை மறுநாளும் வரும். நான் அங்கே நிற்பேன். என்னை நீக்கலாம், கிடங்குக்கு அனுப்பலாம், அங்கே ஒரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. ஐந்து விண்ணப்பங்களையும் ஊர் படித்துவிட்ட பிறகு, பூட்டுவதற்கு வேறு ஒரு குமாஸ்தாவை நீங்கள் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மைதீன் பிச்சை சாகிபு அவர்களே, உங்கள் மகன் கடல் கடந்து கற்றுவந்ததைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். இத்தனை பேர் முன்னிலையில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

உலகம்மாள், வந்த வழியாகத் திரும்பாதே. மகளையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போ. நீங்கள் வெளியேறும்வரை நாங்கள் எழுந்து நிற்கிறோம். எங்கள் மௌன அஞ்சலி அதுவாகவே இருக்கட்டும்.

மெதுவாக நட. நீ நிற்கும் இடத்திலிருந்து அந்த வாசல் முப்பத்தெட்டு எட்டு. அவர் எண்ணி வைத்திருக்கிறார்.